பதிவேட்டில் இல்லாத கட்டம்

போன ஆவணியில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தேன். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த உறவுக்காரப் பெண் என் பேரனைப் பற்றி விசாரித்துவிட்டு, "நம்ம காலத்துல இதெல்லாம் ஏதுக்கா? இப்பதான் வீட்டுக்கு வீடு ஆட்டிசம், ஆட்டிசம்ங்குறாங்க. சாப்பிடுற சாப்பாடும் சரியில்ல, கையில போன் வேற வந்துடுச்சு" என்றாள். வருத்தத்தோடுதான் சொன்னாள். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் இதையே நான் என் மகளிடம் கேட்டிருக்கிறேன், இதைவிடக் கடுமையாக.

அன்று சொல்லாத பதிலை இங்கே எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் 34 வருடம் வேலை பார்த்து, 2019ல் தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றவள். ஆட்டிசம் என்பது பேச்சும் மற்றவரோடு பழகுவதும் வேறு மாதிரி அமையும் மூளை வளர்ச்சி வேறுபாடு. பேரனுக்கு அது இருக்கிறது என்று தெரிந்த பிறகு கைக்குக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். புரியாத இடங்களை, மருத்துவம் படித்த பழைய மாணவன் ஒருவனிடம் போன் போட்டுக் கேட்டுக்கொண்டேன்.

பேரன் 2020ல் பிறந்தவன். மகள் சென்னையில் வங்கியில் வேலை பார்க்கிறாள். ஒன்றரை வயதில் "அம்மா", "பால்", "காக்கா" என்று நாலைந்து சொல் வந்து, பிறகு ஒவ்வொன்றாக நின்றுபோயின. கூப்பிட்டால் திரும்ப மாட்டான். ஆனால் அடுத்த அறையில் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்கும் சத்தம் கேட்டால் ஓடி வருவான். இட்லிப் பானை மூடியைத் தரையில் சுழற்றிவிட்டு, கன்னத்தைத் தரையோடு வைத்துப் படுத்து, அது சுற்றி ஓயும்வரை பார்த்துக்கொண்டிருப்பான். தண்ணீர் வேண்டுமென்றால் என் மணிக்கட்டைப் பிடித்துக் கூட்டிப் போவான், என் முகத்தை ஏறிட்டும் பார்க்காமல். கொண்டுபோய் என் உள்ளங்கையைத் தண்ணீர் கேனின் குழாய் மேல் வைப்பான். "பாட்டி கையைத்தான் தேடுறான் பாரு" என்று அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

அவனுக்கு இரண்டரை வயதில் குழந்தை வளர்ச்சி மருத்துவரிடம் போனோம். அந்த அம்மா வரிசையாகக் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தார். "வேணுங்கிறத விரல் நீட்டிக் காட்டுவானா? இல்ல, உங்க கையைப் பிடிச்சுட்டுப் போய் அது மேல வைப்பானா?" என் மகள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் அந்த அறையிலேயே இல்லை. 1991க்குப் போய்விட்டேன்.

அந்த வருடம் நான் நாச்சியார்கோவில் பக்கத்து ஊர் ஒன்றில் ஒன்றாம் வகுப்பு எடுத்தேன். குத்துவிளக்குப் பட்டறையில் வேலை பார்ப்பவர் ஒருவரின் பையன் வகுப்பில் இருந்தான். ஆறு வயது. எங்கள் பள்ளி மணி என்பது வேப்பமரக் கிளையில் கட்டித் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டு. அதை அடிக்கப் போகும் பெரிய பையன் எழுந்தாலே இவன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் போய்விடுவான். கேள்வி கேட்டால் பதில் வராது. ஆனால் திடீரென்று, "ஆகாசவாணி. செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயணசாமி" என்று அந்த அம்மாவின் ஏற்ற இறக்கம் பிசகாமல் சொல்வான். பிள்ளைகள் சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன். கலர் சாக்பீஸ் வேண்டுமென்றால் மேசைக்கு வந்து, என் மணிக்கட்டைப் பிடித்து, கையைத் தூக்கி சாக்பீஸ் டப்பா மேல் வைப்பான்.

அதே பிடி. பேரன் முதல் தடவை என் கையைப் பிடித்தபோதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அந்தப் பையனை ஊரில் ஊமை என்றார்கள், கிறுக்கு என்றார்கள், காத்துக்கருப்பு என்றார்கள். குணசீலம் கோவிலுக்குக் கூட்டிப் போய் நாற்பத்தெட்டு நாள் தங்கவைத்தார்கள். இரண்டாம் வகுப்பில் பாதியில் நின்றுவிட்டான். நீண்ட நாள் வராதவர் என்று எழுதி, வருகைப் பதிவேட்டில் அவன் பெயர் மேல் சிவப்பு மையால் கோடு போட்டது நான்தான். ஒரு தடவை வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். பட்டறையில் கடைசல் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "அவன் பாட்டுக்கு இருக்கான் டீச்சர், தொந்தரவு இல்ல" என்றார் அப்பா. சரி என்று திரும்பி வந்துவிட்டேன்.

அவன் எந்தக் கணக்கில் சேர்ந்தான் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒவ்வொரு வருடமும் கோடையில் ஆசிரியர்கள் வீடு வீடாகப் போய்ப் பள்ளி வயதுப் பிள்ளைகளைக் கணக்கெடுப்போம். அந்தப் படிவத்தில் ஊனத்துக்கென்று சில கட்டங்கள் இருக்கும். எனக்கு நினைவிருப்பது பார்வை, செவி, கை கால், மனவளர்ச்சி. ஆட்டிசத்துக்குக் கட்டம் இருந்ததாக எனக்கு நினைவில்லை. சட்டத்திலேயே கிடையாதே! 1995ல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஏழு வகை ஊனத்தைத்தான் பட்டியல் போட்டது, அதில் ஆட்டிசம் இல்லை. 1999ல் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் அதன் பெயர் வந்தது. ஊனங்களின் பொதுப் பட்டியல் 21 ஆகி, அதில் ஆட்டிசமும் ஒன்றாகச் சேர்ந்தது 2016 டிசம்பரில் நிறைவேறிய சட்டத்தில்தான். அதுவரை என்னைப் போன்ற ஒரு டீச்சர் கையில் பேனாவோடு நிற்கும்போது என்ன செய்வாள்? "மனவளர்ச்சி குன்றியவர்" என்ற கட்டத்தில் ஒன்று என்று போடுவாள். இல்லாவிட்டால் போடாமலே விட்டுவிடுவாள். நான் இரண்டையும் செய்திருக்கிறேன். 34 வருடத்தில் ஆட்டிசம் என்று நான் எழுதிக்கொடுத்த எண்ணிக்கை பூஜ்யம்.

பூஜ்யத்திலிருந்து கிளம்பினால் எந்த எண்ணும் பெரிய ஏற்றமாகத்தான் தெரியும்.

எல்லோரும் பயந்துபோய் வாட்ஸப்பில் அனுப்பும் கணக்கு அமெரிக்காவுடையது. அங்கே சிடிசி என்ற அரசு அமைப்பு சில ஊர்களைத் தேர்ந்தெடுத்து, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, எட்டு வயதுக் குழந்தைகளில் எத்தனை பேருக்கு ஆட்டிசம் என்று எண்ணுகிறது. 2000ல் 150 பேருக்கு ஒருவர். 2008ல் 88க்கு ஒருவர். 2022ல் 31க்கு ஒருவர். பார்த்தவுடன் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். ஆனால் எப்படி எண்ணுகிறார்கள் என்று படித்தபோது எனக்கு நன்றாகப் பழகிய வேலையாக இருந்தது. குழந்தைகளை ஒவ்வொருவராக நேரில் உட்கார வைத்துப் பரிசோதிப்பதில்லை. மருத்துவமனைக் கோப்புகளையும் பள்ளிக் கோப்புகளையும் புரட்டி, யார் பெயருக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கிறார்கள். எழுதியிருந்தால் உண்டு, எழுதாவிட்டால் இல்லை.

அதனால்தான் ஒரே நாட்டில், ஒரே வருடத்தில் இவ்வளவு வித்தியாசம். 2022 கணக்கில் டெக்சாஸ் மாநிலத்து லரேடோவில் ஆயிரம் குழந்தைகளில் 10க்கும் குறைவு. கலிபோர்னியாவில் ஆயிரத்துக்கு 53. கலிபோர்னியாவின் தண்ணீரிலும் காற்றிலும் ஐந்து மடங்கு கோளாறா இருக்கும்? அங்கே சின்ன வயதிலேயே கண்டுபிடிக்க டாக்டர்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள், சேவை கொடுக்க மையங்கள் இருக்கின்றன.

இன்னொன்று, ஆட்டிசம் என்ற சொல்லே வருடா வருடம் அகலமாகிக்கொண்டு வந்தது. லியோ கானர் என்ற குழந்தை மனநல மருத்துவர் 1943ல் முதலில் எழுதியது 11 குழந்தைகளைப் பற்றி. அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் அது தனி நோயாக ஏறியது 1980ல். நன்றாகப் பேசும், படிக்கும், ஆனால் பழகத் தெரியாத பிள்ளைகளை ஆஸ்பெர்கர் என்ற பெயரில் 1994ல் சேர்த்தார்கள். 2013ல் எல்லாவற்றையும் ஒரே குடைக்குள் கொண்டுவந்தார்கள். 1990ல் அமெரிக்கச் சிறப்புக் கல்விச் சட்டம் ஆட்டிசத்துக்கென்று தனி வகை வைத்தது. கட்டம் வந்ததும் கட்டம் நிரம்பியது. கலிபோர்னியாவில் கூடிய எண்ணிக்கையில் கால் பங்கு, முன்பு மனவளர்ச்சி குன்றியவர் என்று எழுதப்பட்டிருக்கக்கூடிய பிள்ளைகளால் வந்தது என்று 2009ல் ஓர் ஆய்வு சொன்னது. டென்மார்க்கில் 1994ல் வரையறையை மாற்றினார்கள், 1995ல் வெளிநோயாளிகளையும் பதிவேட்டில் சேர்த்தார்கள். அங்கே கூடியதில் 60 சதவீதம் இந்த இரண்டாலேயே வந்தது என்று 2015ல் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். பதிவேடு எழுதியே வாழ்ந்தவள் நான். இதை நம்ப எனக்குச் சிரமமே இல்லை.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது தென்கொரிய ஆய்வு. 2011ல் வந்தது. கோப்பைப் பார்க்காமல், ஓர் ஊரில் 7 முதல் 12 வயது வரை உள்ள 55,000 குழந்தைகளையும் ஒட்டுமொத்தமாக எடுத்துக்கொண்டு தேடினார்கள். 38 பேருக்கு ஒருவர் கிடைத்தார். அதில் மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் சாதாரணப் பள்ளியில், சாதாரண வகுப்பில், யாருக்கும் தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் எதிரே தினமும் ஒரு டீச்சர் நின்று பாடம் நடத்தியிருக்கிறார். நான் எத்தனை வருடம், எத்தனை வகுப்பு எடுத்தேன் என்று இரவில் படுத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். சிலேட்டுகளை ஓரம் பிசகாமல் அடுக்கும் ஒரு பெண், மதிய உணவில் வெறும் சோறு மட்டும் சாப்பிட்டுக் குழம்பு பட்டால் அழும் ஒரு பையன், எல்லோர் பிறந்த தேதியையும் மனப்பாடமாகச் சொல்லும் இன்னொருவன். முகங்கள் வந்துகொண்டே இருந்தன. பிடிவாதம், கர்வம், மக்கு என்று நான் வைத்த பெயர்களும் கூடவே வந்தன.

அப்படியென்றால் ஆட்டிசம் நிஜமாக அதிகரிக்கவே இல்லையா என்று, மருத்துவம் படித்த அந்தப் பழைய மாணவனிடம் கேட்டேன். "எல்லாத்தையும் பதிவேட்டு மேல போட முடியாது டீச்சர்" என்றான். கொஞ்சம் கூடியும் இருக்கலாம் என்பதற்குக் காரணங்கள் உண்டு. தகப்பனின் வயது ஒன்று. ஐஸ்லாந்தில் 2012ல் செய்த ஆய்வில், அப்பாவுக்கு ஒரு வயது கூடினால் குழந்தைக்குச் சுமார் இரண்டு புதிய மரபணு மாற்றங்கள் கூடுதலாகப் போவதைப் பார்த்தார்கள். வயதான தகப்பன்மாரின் பிள்ளைகளிடம் ஆட்டிசம் சற்று அதிகம் என்று பல நாடுகளில் பார்த்திருக்கிறார்கள். இப்போது பலருக்குக் கல்யாணமே முப்பது தாண்டித்தான் நடக்கிறது. அடுத்தது குறைமாதப் பிள்ளைகள். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஏழு மாதத்தில் பிறந்த குழந்தை பிழைத்தால் ஊரே அதிசயமாகப் பேசும். இன்று பிழைத்து வளர்கிறார்கள், அவர்களிடம் ஆட்டிசம் வரும் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். வலிப்புக்குக் கொடுக்கும் வால்ப்ரோயேட் மாத்திரையைக் கர்ப்பத்தில் எடுத்தாலும் வாய்ப்பு கூடும். அதற்காக யாரும் தானாக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது, டாக்டரிடம் பேச வேண்டும். இவை எல்லாம் சேர்ந்தாலும் 150க்கு ஒன்றை 31க்கு ஒன்றாக்கும் அளவு பெரிய காரணங்கள் இல்லை என்றான். அப்பா வயதானவர் என்றாலும் மிகப் பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஆட்டிசம் வருவதில்லை.

இனி எனக்குக் கோபம் வரும் விஷயத்துக்கு வருகிறேன்.

மருத்துவரிடமிருந்து திரும்பிய அன்று ஆட்டோவில் மகளிடம் நான் சொன்ன முதல் வார்த்தை, "ஆயா கையில விட்டுட்டு வேலைக்குப் போனியே." அவள் பதிலே சொல்லவில்லை. பையனின் காலணியைக் கழற்றி, மறுபடி மாட்டி, மறுபடி கழற்றினாள். அப்புறம் சொந்தக்காரர்கள் ஆரம்பித்தார்கள். போன் கொடுத்தாய், கர்ப்பத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாய், தடுப்பூசி போட்டாய். அமெரிக்காவிலும் இதே கதைதான் நடந்திருக்கிறது. அங்கே பல வருடம் பெரிய மருத்துவர்களே, தாயின் பாசம் ஐஸ்பெட்டி போலக் குளிர்ந்துபோனதால்தான் பிள்ளை இப்படி ஆனது என்றார்கள். தானே ஓர் ஆட்டிசக் குழந்தையின் தகப்பனான பெர்னார்ட் ரிம்லேண்ட் 1964ல் அதை எதிர்த்து எழுதினார். 1977ல் இங்கிலாந்தில் இரட்டைக் குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வில், இது பெரும்பாலும் மரபணு வழியே வருவது என்று தெரிந்தது. 2019ல் ஐந்து நாடுகளின் கணக்கைச் சேர்த்துப் பார்த்தபோதும் மரபின் பங்கு 80 சதவீதம் அளவில் வந்தது. இதையெல்லாம் நான் படித்தது அந்த ஆட்டோப் பயணத்துக்கு அப்புறம். மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லம்மா" என்றாள். பரவாயில்லாத காரியம் இல்லை அது.

போன் பற்றி ஒரே ஒரு கணக்கு சொல்கிறேன். அமெரிக்காவில் 2008ல் எண்ணப்பட்ட எட்டு வயதுக் குழந்தைகள் 2000ல் பிறந்தவர்கள். எட்டு வருடம் முன்பு 150க்கு ஒன்று என்றிருந்தது அவர்களிடம் 88க்கு ஒன்றாகிவிட்டது. அவர்களுக்கு இரண்டு வயது நடந்தபோது யார் வீட்டில் ஸ்மார்ட்போன் இருந்தது? நாள் முழுக்கப் போன் பார்க்கும் குழந்தைக்குப் பேச்சு தாமதமாகலாம். போனைக் குறைப்பது நல்லதுதான், நாங்களும் குறைத்தோம். ஆனால் போனால் ஆட்டிசம் வந்தது என்று ஒரு தாயிடம் சொல்லாதீர்கள்.

தடுப்பூசி வதந்தியால் நான் பள்ளியிலேயே அவதிப்பட்டிருக்கிறேன். 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தபோது வாட்ஸப்பில் என்னென்னவோ பரவியது. முகாம் அன்று எங்கள் பள்ளியில் 11 பிள்ளைகளைப் பெற்றோர் அனுப்பவில்லை. வீடு வீடாகப் போய்க் கெஞ்சி ஏழு பேரைக் கூட்டி வந்தேன். ஆட்டிசப் பயத்துக்கு மூலம், 1998ல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் என்பவர் வெறும் 12 குழந்தைகளை வைத்து, தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் முத்தடுப்பு ஊசியை ஆட்டிசத்தோடு இணைத்து எழுதிய கட்டுரை. 2010ல் அதை வெளியிட்ட லான்செட் மருத்துவ இதழே திரும்பப் பெற்றது, அவர் பெயரையும் மருத்துவர் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். டென்மார்க்கில் ஆறரை லட்சம் குழந்தைகளைப் பின்தொடர்ந்து, தொடர்பு இல்லை என்று 2019ல் சொன்னார்கள். ஜப்பானில் 1993லேயே அந்த முத்தடுப்பு ஊசியை நிறுத்திவிட்டார்கள். யோகோஹாமாவில் அதற்குப் பிறகும் ஆட்டிச எண்ணிக்கை ஏறிக்கொண்டுதான் போனது.

2025 செப்டம்பரில் அமெரிக்க அதிபர் டிரம்ப், கர்ப்பத்தில் பாராசிட்டமால் சாப்பிட வேண்டாம், ஆட்டிசம் வரும் என்று பேசினார். மறுநாளே அது எங்கள் குடும்பக் குழுவுக்கு வந்துவிட்டது. மகள் ஐந்தாம் மாதத்தில் காய்ச்சலுக்கு டாக்டர் சொல்லி நாலு மாத்திரை சாப்பிட்டவள். ராத்திரி பதினொரு மணிக்குப் போன் செய்து, "அம்மா, அந்த நாலு மாத்திரைதானா?" என்றாள். நல்லவேளை, அதற்குள் நான் கொஞ்சம் படித்திருந்தேன். நான் படித்தது, ஸ்வீடனில் 24 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் பதிவை வைத்து 2024ல் வந்த ஆய்வு. ஒரே தாயின் பிள்ளைகளில், மாத்திரை சாப்பிட்ட கர்ப்பத்தில் பிறந்தவரையும் சாப்பிடாத கர்ப்பத்தில் பிறந்தவரையும் ஒப்பிட்டார்கள். வித்தியாசம் ஒன்றும் இல்லை. அவளுக்கு அதை வாசித்துக் காட்டினேன். மறுமுனையில் அழுதாள். இப்படி எத்தனை வீட்டில், எத்தனை அம்மாக்கள் ராத்திரி பதினொரு மணிக்குத் தன் கர்ப்பத்தைத் திரும்ப ஒவ்வொரு நாளாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்?

பேரனுக்கு இப்போது ஐந்தரை வயது. பேச்சுப் பயிற்சிக்கும் விளையாட்டுப் பயிற்சிக்கும் போகிறான். போன மாதம் பால்கனியில் நின்றுகொண்டு விரலை நீட்டி, "காக்கா" என்றான். பறவையைப் பார்த்துவிட்டு, நான் பார்க்கிறேனா என்று என் முகத்தைத் திரும்பிப் பார்த்தான். மூன்று வருடம் காத்திருந்த திரும்பல் அது.

அந்தக் காதுகுத்து முடிந்த வாரம் நான் நாச்சியார்கோவில் பக்கம் போனேன். அந்தப் பையனுக்கு நாற்பது வயது. முன்பக்கம் முடி நரைத்துவிட்டது. அப்பா இல்லை. அண்ணனின் பட்டறையில் அவன் இருக்கிறான். விளக்கின் அடிப்பாகம், தண்டு, எண்ணெய்த் தட்டு, உச்சியில் வைக்கும் அன்னம் என்று தனித்தனியாக வரும் பாகங்களை அளவு வாரியாக அடுக்கி வைப்பது அவன் வேலை. "அளவுகோலே வேணாம் டீச்சர், அவன் கண்ணு தப்பாது" என்றார் அண்ணன். என்னை அவன் பார்க்கவில்லை. ஒரு தட்டைத் தரையில் நிறுத்திச் சுண்டிவிட்டு, அது சுற்றுவதைப் பார்த்தான்.

அவன் அம்மா உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்து என் மடியில் கொட்டினாள். அதில் பழைய அடையாளப் புத்தகம் ஒன்று இருந்தது, முன்னொரு முகாமில் கொடுத்தது. "மனவளர்ச்சி குன்றியவர்" என்று எழுதியிருந்தது. கூடவே புது அட்டை ஒன்று. அட்டை மாற்றப் போன இடத்தில் மனநல டாக்டர் சின்ன வயதுக் கதையெல்லாம் ஒரு மணி நேரம் கேட்டாராம். ரேடியோ செய்தி, மணிச்சத்தம், கையைப் பிடித்துப் போவது, எல்லாம். புது அட்டையில் ஆட்டிசம் என்று இருந்தது. இந்த வருடக் கணக்கில் அவனும் ஒன்று.

"பழசுல ஒண்ணு இருக்கு, புதுசுல வேற என்னமோ போட்டிருக்காங்களே டீச்சர். இது புதுசா வந்துருக்கா இவனுக்கு?" என்று கேட்டாள்.

"புதுசா ஒண்ணும் வரலம்மா" என்றேன். "எனக்குத்தான் அப்ப தெரியல."

வெளியே பஸ் ஹாரன் அடித்தது. அவன் கையிலிருந்த தட்டை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டான்.